கூடாரக் காண்டிராக்டும் பட்டாளத்தார் வைத்தியமும்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே செல்லும் சாலை, முந்தல் கிராமத்தைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகின்றது. 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் அது போடிமெட்டை அடைகின்றது. அதற்கு இப்பால் தமிழ்நாட்டுத் தேனி மாவட்டம். அப்பால் கேரளத்து இடுக்கி மாவட்டம். முன்னாளில் சென்னை மாகாணத்திற்கும் திருவிதாங்கூருக்கும் எல்லையாய் நின்ற இம்மேடே, 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்ட பின்னரும் எல்லையாய் நிலைத்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்ற வரலாறு நம்மவர் அறியாததன்று. அதனை ஈண்டு விரிக்கப் போவதில்லை. இம்மேட்டின் இருபுறத்து ஏலத் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் வாழ்கின்ற, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற தமிழர்க்கும் அவர்தம் மனைவி மக்கட்கும், சர்க்கார் தருவதாக ஏற்றுக்கொண்ட வைத்தியம் யார் கைவழியாக வந்து சேர்கின்றது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விஷயத்தில் சாமி டெல்லியில் இருக்கின்றது. பூசாரியோ ஒருவர் அல்லர், பலர். அவர்களுள் பெரும்பாலார் சர்க்கார் ஊழியரும் அல்லர். ஒப்பந்தம் எழுதிக்கொண்ட தனியார் ஆஸ்பத்திரிகளும், ஒப்பந்தத்தின்பேரில் பில் சரிபார்க்கும் கம்பெனியும், ஒப்பந்தச் சம்பளத்தில் அமர்ந்த டாக்டர்களுமே ஆவர். இதனைப் புதிய ஏற்பாடென்று பலரும் எண்ணுகின்றனர். படைவீரனுக்குச் சேரவேண்டியதைக் காண்டிராக்டு வழியே சேர்ப்பித்தலும், அதனால் விளையும் வழக்கும், தென்னாட்டுப் படையில் இருநூறாண்டுப் பழமை உடையவை.

அதற்கும் முற்பட்ட காலத்தைச் சிறிது நோக்குவோம். போரில் வீழ்ந்த வீரன் குடும்பத்திற்கு நிலம் விடும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. அந்நிலத்தை உதிரப்பட்டி என வழங்கினர். வைத்தியசாலைக்குச் சான்று வேண்டுவோர் காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில் உள்ள வீரராஜேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டைக் காணலாம். அங்கே 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்று நடைபெற்றது. அஃது அக்கோயிலைச் சார்ந்த மாணவர்க்கும் பணியாளர்க்கும் உரியது, பட்டாளத்திற்கன்று. எனினும் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று அதில் உண்டு. அங்கிருந்த மருத்துவனுக்கு ஊதியம் ஆண்டுக்கு இவ்வளவெனத் திட்டமாக வகுக்கப்பட்டிருந்தது. நோயாளி பலர் வந்தாலும் சிலர் வந்தாலும் அவன் வரும்படி மாறுவதில்லை. பணம் எந்த முறையில் போகின்றதோ, பணியும் அந்த வழியிலேயே சாயும் என்பதை இனி வருவனவற்றில் காண்போம்.

கம்பெனியார் காலத்து மதராஸ் சிப்பாய், மனைவி மக்களைக் கூடவே அழைத்துச் சென்றவன். பட்டாளம் பாசறை மாறினால் குடும்பமும் பின்தொடரும். அப்படைக்குக் கூடாரங்களும், அவற்றைச் சுமக்கும் மாடுகளும் வேண்டியிருந்தன. இதற்கென 1802-இல் ஓர் ஏற்பாடு செய்தனர். ஒவ்வொரு சிப்பாய்ப் படைப்பிரிவின் தலைவருக்கும் மாதந்தோறும் குறித்த தொகை கொடுத்துவிடுவது. கூடாரங்களையும் வண்டி மாடுகளையும் அவரே வைத்துப் பேணிக்கொள்வது. இதற்குக் கூடாரக் காண்டிராக்டு என்று பெயர். யுத்த காலமாயினும் அமைதிக் காலமாயினும் தொகை ஒன்றே. அமைதிக் காலத்தில் கூடாரத்திற்கு வேலையில்லை. மிச்சமோ படைத்தலைவர் பையில். யுத்தம் வந்தால் செலவு ஏறும். அப்பொழுது பழைய கூடாரமும் இளைத்த மாடும் போதும் என்னும் எண்ணம் தோன்றுதல் மனித இயல்பு.

இதனை ஆராயும் பணி, மதராஸ் படையின் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரலாக இருந்த ஜான் மன்றோ என்பவரிடம் வந்தது. (நம் மக்கள் நன்கறிந்த சர் தாமஸ் மன்றோ வேறு; இவர் வேறு.) செலவு ஏறினும் இறங்கினும் ஒரே தொகை கொடுப்பது, படைத்தலைவரின் கடமையையும் அவருடைய சொந்த லாபத்தையும் எதிரெதிரே நிறுத்துகின்றது என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். அதிகாரிகளைத் திருடரென்று அவர் கூறவில்லை. ஏற்பாடு அவர்களைச் சோதனைக்கு உள்ளாக்குகின்றது என்றே கூறினார். 1808-இல் காண்டிராக்டு ஒழிக்கப்பட்டது. வெள்ளை அதிகாரிகள் தம் மானத்திற்கு இழுக்கு வந்ததெனக் கொதித்தெழுந்தனர். சேனாதிபதி மக்டவல், 1809 ஜனவரியில் மன்றோவைக் காவலில் வைத்தார். கவர்னர் சர் ஜார்ஜ் பார்லோ அவரை விடுவித்தார். அவ்வாண்டிலேயே மசூலிப்பட்டினத்திலும் ஐதராபாத்திலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் வெள்ளை அதிகாரிகள் சர்க்காருக்கு எதிராகக் கலகம் செய்தனர். 1806-இல் வேலூரில் சிப்பாய்கள் எழுந்ததை நாம் பள்ளிப் புத்தகத்தில் படிக்கின்றோம். மூன்றாண்டுக்குள் அவர்களுடைய அதிகாரிகளே எழுந்த கதையை ஏனோ யாரும் படிப்பதில்லை. தாயகம் திரும்பிய மக்டவல் ஏறிய கப்பலோ கடலில் காணாமற்போயிற்று.

மன்றோ 1810-இல் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ரெசிடெண்டாகி, 1811 முதல் 1814 வரை திருவிதாங்கூருக்குத் திவானாகவும் இருந்தார். கொல்லத்திற்கும் எறணாகுளத்திற்கும் இடையே மன்றோதுருத்து என்னும் ரயில் நிலையப் பலகையைக் கண்ட அன்பர்கள், அப்பெயர் இவருடையதே என அறிக. போடிமெட்டுக்கு மேற்கேயுள்ள மலைகளும் அன்று திருவிதாங்கூரைச் சார்ந்தவையே. காண்டிராக்டின் குற்றம் இன்னதென எழுதிய அவ்வதிகாரியே இந்நாட்டு நிர்வாகத்தை நடத்தவும் நேர்ந்தது.

இனி நம் காலத்திற்கு வருவோம்.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் நெடுங்காலம், ஓய்வு பெற்ற படைவீரனுக்கு ராணுவ ஆஸ்பத்திரியில் இடமிருந்தால் வைத்தியம் கிட்டும், இல்லையேல் இல்லை. மத்திய சர்க்கார் சிவில் ஊழியர்க்கு சி.ஜி.எச்.எஸ். திட்டம் 1954-இலேயே வந்துவிட்டது. ரயில்வேக்காரராகிய நமக்குச் சொந்த ஆஸ்பத்திரிகள் உண்டு. ஓய்வு பெற்றோர்க்கென 1997-ஆம் ஆண்டுத் திட்டமும் உண்டு. எல்லையில் பனியிலும் வெயிலிலும் நின்று, நாற்பது வயதை எட்டுமுன்பே பெரும்பாலும் வீடு திரும்பும் சிப்பாய்க்கோ தனித் திட்டம் ஒன்றும் இல்லை. போடிமெட்டுக்காரன் ஒருவன் ராணுவ ஆஸ்பத்திரியைத் தேடினால் வெலிங்டனுக்கோ, திருவனந்தபுரத்துக்கோ, சென்னைக்கோ செல்லவேண்டும். மலை இறங்கும்போதே பாதி உயிர் போய்விடும்.

2002 டிசம்பர் 30-ஆம் நாள் மத்திய சர்க்கார் இசைவளிக்க, 2003 ஏப்ரல் 1-ஆம் நாள் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் பிறந்தது. இ.சி.எச்.எஸ். என்றால்தான் நம்மவர்க்குப் புரியும். ஓய்வு பெறும் வீரன் ஒரே முறை ஒரு தொகை செலுத்திவிட்டால், அவனுக்கும் மனைவிக்கும் ஆயுள் முழுதும், சார்ந்திருக்கும் மக்கட்கும் பெற்றோர்க்கும் விதிப்படியும், வைத்தியம் கிட்டும். தொடக்கத்தில் இத்தொகை பென்ஷனுக்கேற்ப 1,800 ரூபாய் முதல் 18,000 ரூபாய் வரை இருந்தது. 2017-ஆம் ஆண்டின் இறுதியில் சிப்பாய் முதல் ஹவில்தார் வரை 30,000 ரூபாய், சுபேதார் தரத்தினர்க்கு 67,000 ரூபாய், அதிகாரிகட்கு 1,20,000 ரூபாய் என ஆயிற்று.

இதற்கெனப் புதிய ஆஸ்பத்திரிகள் கட்டப்படவில்லை. முதலில் 227 பாலிகிளினிக்குகள் அனுமதிக்கப்பட்டன. 2010-இல் மேலும் 199 சேர்ந்தன. அங்கே சாதாரண நோய்க்கு டாக்டர் பார்ப்பார், மருந்து கொடுப்பார். அவ்விடத்து டாக்டரும் நர்சும் மருந்தாளரும் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டோரே. அறுவை, இருதயம், சிறுநீரகம், புற்று முதலிய பெருநோய்க்கெல்லாம் பாலிகிளினிக் டாக்டர் சீட்டு எழுதித் தருவார். சீட்டைக் கொண்டு, பட்டியலில் சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். அங்கே நோயாளி காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி சர்க்காருக்குப் பில் அனுப்பிக்கொள்ளும். பில் தொகையோ, சி.ஜி.எச்.எஸ். வகுத்த விகிதத்தை மிஞ்சலாகாது.

ஏற்பாடு பார்வைக்கு அழகியது. ராணுவ ஆஸ்பத்திரியே இல்லாத மதுரை போன்ற நகரத்திலும் கிழவர் ஒருவர் காசின்றி இருதய அறுவை செய்துகொண்டு திரும்புவது இதனால்தான் இயன்றது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதன் நிழலில் இருக்கின்றனர். அரசாங்கமே ஆஸ்பத்திரி கட்டி நடத்தியிருந்தால் இத்தனை ஊர்களை இருபதாண்டில் எட்டியிருக்க முடியாது என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் பில் என்று ஒன்று வந்துவிட்டால் அதன் பின்னே ஒரு வரிசை வரும். பில்களைக் கையால் பார்த்துத் தீர்க்க முடியாது தேங்கியபோது, 2012-இல் யூ.டி.ஐ. ஐ.டி.எஸ்.எல். என்னும் நிறுவனத்திடம் அவ்வேலையை ஒப்படைத்தனர். ஆஸ்பத்திரி பில்லை மின்வழியில் ஏற்றும், அந்நிறுவனத்தார் சரிபார்ப்பர், பின்பு மண்டல அலுவலகத்து அதிகாரிகள் ஒப்புவர், அதன் பின்னரே பணம். 2015-இல் கணக்குத் தணிக்கைத் தலைவர் இத்திட்டத்தைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டார். பாலிகிளினிக்குகளில் மருந்துத் தட்டுப்பாடும், பில் தீர்ப்பதில் தாமதமும், அளவுக்கு மீறிக் கொடுத்த பணமும் அதிலே பேசப்பட்டன.

பில் பார்த்தே பிழைப்பு நடத்தும் குமாஸ்தா வர்க்கத்தாராகிய நமக்கு இங்கே ஒரு நுட்பம் எளிதில் விளங்கும். தள்ளுபடி செய்த பில் வேறு. நிறுத்திவைத்த பில் வேறு. தள்ளுபடிக்குக் காரணம் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். பின்னொரு நாள் யாரேனும் அதனை எடுத்துக் கேள்வி கேட்பர். நிறுத்திவைப்பதற்கு ஒருவரும் ஒன்றும் எழுத வேண்டியதில்லை. கட்டின் அடியில் வைத்தாற் போதும். வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய பணம் ஆண்டு முடியுமுன் தீர்ந்துவிட்டாலோ, பில் எவ்வளவு ஒழுங்காக இருப்பினும் அது கட்டின் அடிக்கே போகும். ஒதுக்கீடு போதாமையால் நிலுவை குவிந்ததும், அதனால் ஆஸ்பத்திரிகள் பல ‘கைப்பணம் கட்டுக’ என்று கிழவர்களைத் திருப்பியதும், சில பட்டியலிலிருந்தே விலகிக்கொண்டதும் பல ஊர்களிலும் நேர்ந்தவை.

ஆஸ்பத்திரிக்காரரையும் முற்றாகக் குறை கூறல் தகாது. 2014-இல் வகுத்த விகிதங்கள் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேலும் மாறாது நின்றன. அரிசி விலையும் நர்சு சம்பளமும் ஏறின. அறுவைக்குரிய விகிதம் ஏறவில்லை. 2025 அக்டோபரில்தான் மத்திய சர்க்கார் சி.ஜி.எச்.எஸ். விகிதங்களைப் பெருமளவில் திருத்திற்று. இடைப்பட்ட காலத்தில் நேர்மையான ஆஸ்பத்திரி நஷ்டப்பட்டது. நேர்மையற்றதோ, தேவையில்லாத சோதனையைச் சேர்த்தும் படுக்கை நாளை நீட்டியும் ஈடுகட்ட வழி தேடும். மன்றோ கண்ட கூடாரக் காண்டிராக்டில் முன்கூட்டியே ஒரே தொகை கொடுத்தனர். ஆகவே குறைத்துச் செய்வதில் லாபம். இங்கே செய்ததற்குப் பில். ஆகவே கூட்டிச் செய்வதில் லாபம், பணம் வராவிடில் செய்யாமலே இருப்பதில் லாபம். மழையில் நிற்கும் சிப்பாய்க்கு இவற்றுள் எதனால் கூடாரம் இல்லையாயிற்று என்பது பற்றி அக்கறையில்லை.

இப்பொழுது போடிமெட்டில் நின்று இதனை நோக்குக. அவ்வூரார்க்கு அணித்தான பாலிகிளினிக் தேனியில் உள்ளது. மேட்டிலிருந்து போடிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. போடியிலிருந்து தேனிக்கு இன்னும் 15 கிலோமீட்டர். பெரிய ஆஸ்பத்திரி வேண்டின் பெரும்பாலும் மதுரைக்கே செல்ல வேண்டும். தேனியிலிருந்து அது மேலும் 75 கிலோமீட்டரளவு. சீட்டு எழுதும் இடம் ஒன்று, சிகிச்சை தரும் இடம் ஒன்று. சீட்டின் தவணை முடிந்தால் மீண்டும் முதலிடம். மேட்டுக்கு மேற்கே பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கத்தில் வாழும் தமிழர்க்கு இவ்வழியோடு இன்னும் சில மைல்கள் கூடும். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியவர் நிலையை அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம். வைத்தியம் இலவசம், ஜீப்புக் கூலி இலவசமன்று.

ரயிலைப் பற்றி நாம் ஒரு சொல் கூறாவிடின் நம் இலாகாவார் மன்னியார். மதுரை–போடி மீட்டர்கேஜ் வண்டி 1928-இல் ஓடத் தொடங்கியது. அகலப்பாதை ஆக்கும் பொருட்டு 2010 டிசம்பர் இறுதியில் அது நிறுத்தப்பட்டது. தேனிவரை மீண்டும் வண்டி வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதத்தில். இ.சி.எச்.எஸ். வளர்ந்து மதுரை ஆஸ்பத்திரிகள் பட்டியலில் இடம்பெற்ற அப்பன்னிரண்டு ஆண்டுகளிலும், போடிப் பக்கத்து நோயாளிகட்கு மதுரை செல்ல ரயில் இல்லை. ஓர் இலாகா வாயிலைத் திறக்கும்பொழுது மற்றோர் இலாகா வழியை அடைத்திருந்தது.

திடீர் நோய்க்கு விதி வேறு. உயிருக்கு ஆபத்தென்னும் நிலையில் சீட்டின்றியே பட்டியல் ஆஸ்பத்திரிக்குச் செல்லலாம். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்குச் செல்ல நேரின், 48 மணி நேரத்திற்குள் அணித்தான பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். பணத்தை முதலில் தாமே கட்டிப் பின்னர் திரும்பப் பெறலாம். அதுவும் சர்க்கார் விகித அளவுக்கே. மலையில் மாரடைப்பு வந்தால் முதலில் அகப்படும் ஆஸ்பத்திரியே தெய்வம். அது பட்டியலில் உள்ளதா என்று விசாரிப்பார் யார்? ஆகவே நம் சங்கத்து முன்னாள் படைவீரரும், கணவனை இழந்து குடும்ப பென்ஷன் பெறும் தாய்மாரும், இந்த 48 மணி நேர விதியையும் பாலிகிளினிக்கின் தொலைபேசி எண்ணையும் வீட்டுச் சுவரில் எழுதி வைத்தல் நலம். பில், டிஸ்சார்ஜ் குறிப்பு, அவசர நிலையைக் குறிக்கும் டாக்டர் சான்று ஆகியவற்றின் மூலப் பிரதிகளைப் பத்திரமாகக் கட்டி வைத்தலும் வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் கட்டின் அடிதான்.

இத்துன்பம் ஏழை நாட்டுக்கே உரியதென்று எண்ணுவார் அமெரிக்காவை நோக்குக. அங்கே 1956-இல் இயற்றிய சட்டத்தால், பட்டாளத்தார் மனைவி மக்கள் வெளி ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் பெற வழி செய்தனர். பணம் பட்டுவாடா செய்யும் பொறுப்பை ப்ளூ கிராஸ், மியூச்சுவல் ஆஃப் ஓமாஹா முதலிய நிறுவனங்களிடம் விட்டனர். 1966-இல் ஓய்வு பெற்றோர்க்கும் அது விரிந்தது. பின்னர் 1990-களில் ட்ரைகேர் என்ற பெயரில், நாட்டையே மண்டலங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பெரிய கம்பெனிக்குக் காண்டிராக்டு விட்டனர். மேற்கு மண்டலத்தில் 2013-இல் காண்டிராக்டு ட்ரைவெஸ்ட் கம்பெனியிடமிருந்து யுனைடெட் ஹெல்த்கேர் கம்பெனிக்கு மாறிற்று. மாறியதும் சீட்டுகள் தேங்கின. சர்க்கார் சில மாதங்கட்குச் சீட்டு ஒப்புதல் வேண்டாமென்றே விட்டுவிட நேர்ந்தது. 2025 ஜனவரி 1-ஆம் நாள் அதே மண்டலம், டெக்சாஸ் முதலிய ஆறு மாநிலங்களையும் சேர்த்துக்கொண்டு, மீண்டும் ட்ரைவெஸ்ட் கைக்கு வந்தது. மீண்டும் தேக்கம், மீண்டும் அதே விலக்கு. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே மண்டலத்தில் ஒரே விபத்து இருமுறை! கம்பெனி மாறும் நாளில் பழைய கணக்கும் புதிய கணக்கும் கைகோக்காமல் நிற்க, இடையிலே நோயாளி நிற்கின்றான். செல்வத்திற் சிறந்த நாட்டிலும் கட்டின் அடி கட்டின் அடியே.

ஓர் ஒற்றுமையும் ஒரு வேற்றுமையும் இங்கே தோன்றுகின்றன. இரு நாட்டிலும் சர்க்கார் பணம் கொடுப்பதோடு தன் கடமை முடிந்ததாகக் கருதி, நோயாளி எத்தனை நாள் காத்திருந்தான் என்னும் கணக்கைக் காண்டிராக்டரிடமே விட்டுவிடுகின்றது. அங்கே மண்டலம் முழுவதற்கும் ஒரு கம்பெனி. தவறினால் சட்டசபையில் அதன் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். இங்கே பாலிகிளினிக், பட்டியல் ஆஸ்பத்திரி, பில் நிறுவனம், மண்டல அலுவலகம், டெல்லி நிதியிலாகா என ஐவர். ஒருவர் மற்றொருவரைக் காட்டுவர். பணம் நிலுவையில் நின்ற நாட்களுக்கு வட்டியும், அந்நாட்களில் திருப்பியனுப்பப்பட்ட நோயாளியின் கைச்செலவுக்கு உடனடி ஈடும், ஒப்பந்தத்திலேயே எழுதப்படுதல் வேண்டும் என்பது நம் துணிபு. நிறுத்திவைப்பதற்கும் ஒரு விலை இருந்தால்தான் கட்டின் அடியிலிருந்து தாள் மேலே வரும். மலைப்பகுதிகளுக்குப் பாலிகிளினிக் வண்டியை மாதம் சில நாளாவது அனுப்பிச் சீட்டுகளை மேட்டிலேயே எழுதித் தருதலும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

முடிக்குமுன், இத்திட்டத்தின் வாயிலைப் பற்றி ஒன்று கூறவேண்டும். இதற்குத் திறவுகோல் பென்ஷன். உலகப் போரில் பணிபுரிந்தோரும், குறுகிய காலப் பணி அதிகாரிகளும் பென்ஷன் இன்மையால் பதினாறு ஆண்டு வெளியே நின்றனர். 2019 மார்ச்சில்தான் அவர்களுக்கும் இடமளித்தனர். அதற்குள் உலகப் போர்க் காலத்துச் சிப்பாய்களுள் பெரும்பாலோர் காலமாகிவிட்டனர். 2022 ஜூன் 14-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி இப்போது சேரும் இளைஞர் நான்காண்டுப் பணிக்கே சேர்கின்றனர். நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையே நிலைப்படையில் எடுத்துக்கொள்ளப்படுவர். எஞ்சியோர்க்குப் பென்ஷன் இல்லை; இ.சி.எச்.எஸ். அட்டையும் இல்லை. போடியிலும் பூப்பாறையிலும் தேர்வுக்கு ஓடிப் பழகும் நம் பிள்ளைகளிடமும், அவர்களைப் பெற்றோரிடமும் இதனை இப்பொழுதே சொல்லி வைத்தல் வேண்டும்.